டிஸ்சார்ஜுக்கு அப்புறம்: அரசு மனநலச் சிகிச்சையை விட்டு வெளியே வருபவர்கள்

அரசு ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவுக்கு ஒருவர் முதலில் எப்போது வந்தார் என்பதற்குப் பதிவு உண்டு. ஓ.பி. எண், வயது, ஊர், கூட வந்தவர் யார், என்ன மாத்திரை எழுதினார்கள் என்று எல்லாம் இருக்கும். அதே ஆள் எப்போது வருவதை நிறுத்தினார், ஏன் நிறுத்தினார் என்று தேடினால் பெரும்பாலும் எதுவும் கிடைக்காது. குணமாகி நின்றாரா, வேலைக்காகத் திருப்பூர் போய்விட்டாரா, பஸ் காசையும் ஒரு நாள் கூலியையும் கணக்குப் பார்த்து விட்டுவிட்டாரா, தனியார் டாக்டரிடம் மாறினாரா, வீட்டுக்குள்ளேயே முடங்கிக் கிடக்கிறாரா? யாருக்கும் தெரியாது.

மனநலம் பற்றித் தமிழில் வருகிற கட்டுரைகளும் வீடியோக்களும் சிகிச்சைக்குள் போவதைப் பற்றியே பேசுகின்றன. அறிகுறிகள் என்னென்ன, வெட்கப்படாமல் டாக்டரைப் பாருங்கள், மந்திரவாதியிடம் காசைக் கொட்டாதீர்கள். சரி, போயாயிற்று. அப்புறம்? எத்தனை வருஷம் போக வேண்டும், நிறுத்தலாம் என்று யார் சொல்வார்கள், தேறி வந்தவர் வேலைக்கு மனுப் போடும்போது எதைச் சொல்வது, எதை விடுவது? வெளியே வருவதும் சிகிச்சையின் ஒரு கட்டம், அதற்கும் ஒரு திட்டம் வேண்டும் என்று நம் சட்டமே சொல்கிறது. நடைமுறையில் அது கூட வந்தவர் போடும் கையெழுத்தோடு முடிந்துவிடுகிறது. பிறகு வரும் சிக்கல்களில் பாதி அங்கிருந்துதான் கிளம்புகின்றன என்பது என் எண்ணம்.

எப்படிச் சேர்ந்தீர்கள் என்பதைப் பொறுத்தது

2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் 2018 மே 29 அன்று நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்பிருந்த 1987ஆம் ஆண்டுச் சட்டத்தில் மாஜிஸ்திரேட்டின் ஆணை பெரிய இடம் பிடித்திருந்தது. கோர்ட் வழியாக உள்ளே போனவர் வெளியே வருவதும் லேசில் நடக்காது. புதிய சட்டம் இதை மாற்றியது. ஒருவர் எந்தப் பிரிவில் சேர்க்கப்பட்டார் என்பதைப் பொறுத்தே அவர் எப்படி வெளியே வரலாம் என்பது அமைகிறது. இது தெரியாமலே பல குடும்பங்கள் படிவங்களில் கையெழுத்துப் போடுகின்றன.

சட்டத்தின் 86ஆவது பிரிவில் சேர்பவர் தன் விருப்பத்தில் சேர்பவர். தனக்கு உடம்பு சரியில்லை, சிகிச்சை வேண்டும் என்று அவரே கேட்டுச் சேர்கிறார். அவர் போகிறேன் என்று சொன்னால் அனுப்ப வேண்டும். இந்த நிலையில் இவரை அனுப்பினால் ஆபத்து என்று மனநல வல்லுநர் கருதினால், பரிசோதித்து முடிவெடுப்பதற்காக 24 மணி நேரம் வரை நிறுத்தி வைக்கலாம். அதற்கு மேல் வைத்திருக்க வேண்டுமென்றால் 89ஆவது பிரிவின் நிபந்தனைகள் பொருந்த வேண்டும். 89 என்பது, தானாக முடிவெடுக்க முடியாத நிலையில் இருப்பவரை அவருடைய நியமனப் பிரதிநிதியின், அதாவது அவர் சார்பில் பேச உரிமை உள்ளவரின், விண்ணப்பத்தின் பேரில் சேர்ப்பது. அதுவும் மருத்துவத் தரப்பில் இரண்டு பேர் தனித்தனியாகப் பார்த்துச் சொன்ன பிறகு, 30 நாள் வரைக்கும்தான். அதற்கு மேல் நீட்டிக்க 90ஆவது பிரிவில் இரண்டு மனநல மருத்துவர்கள் பார்க்க வேண்டும், இந்தச் சட்டத்தின்படி அமைந்த மனநல மறுஆய்வு வாரியத்தின் ஒப்புதல் வேண்டும். முதலில் 90 நாள், பிறகு 120, பிறகு ஒவ்வொரு முறையும் 180.

சட்டம் இவ்வளவு தெளிவாக இருக்க, வார்டில் கேட்கும் வார்த்தை வேறு: "ஆள் வரச் சொல்லுங்க, அனுப்பிடறோம்." தானாக வந்து சேர்ந்த நாற்பது வயதுக்காரருக்கும் அதே பதில்தான். டாக்டர்களை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை. தனியாக அனுப்பிவைத்து, வழியில் ஏதாவது ஆகிவிட்டால் கேள்வி அவர்களிடம்தான் வரும். ஆனால் இந்தப் பழக்கத்தால் சிகிச்சை எப்போது முடிகிறது என்பதை நோயாளியின் நிலை தீர்மானிப்பதில்லை. அண்ணனுக்கு லீவு கிடைக்கிற நாள் தீர்மானிக்கிறது.

கையில் கொடுத்து அனுப்புவது

டிஸ்சார்ஜ் நாளில் வீட்டார் கையில் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். ஒரு டிஸ்சார்ஜ் சம்மரி, பெரும்பாலும் ஆங்கிலத்தில். நோயின் பெயர் முழுதாக இருக்காது. சுருக்கெழுத்தோ எண்ணோ இருக்கும். அதோடு மாத்திரைகள். அட்டையை வெட்டித் துண்டுகளாகக் கொடுத்திருப்பார்கள். பல துண்டுகளில் மருந்தின் பெயரும் காலாவதித் தேதியும் வெட்டிய பக்கத்தோடு போயிருக்கும். சின்னக் காகித உறையில் பேனாவால் 1-0-1, 0-0-1, ½-0-½ என்று எழுதியிருக்கும். நடுவில் இருக்கும் சைபர் மதியத்துக்கு என்பது முதல் முறை பார்க்கிற அம்மாவுக்கு யாராவது சொன்னால்தான் தெரியும். மனநோய் மருந்தான ரிஸ்பெரிடோனோடு டி.எச்.பி. என்ற மாத்திரையை எதற்குத் தருகிறார்கள், அது நோய்க்கா, நோய்க்கான மருந்து உண்டாக்கும் கை நடுக்கத்துக்கும் விறைப்புக்குமா என்று சொல்ல வரிசையில் நிற்கிற கூட்டம் நேரம் விடாது. "மாத்திரையை நிறுத்திடாதீங்க, ஒரு மாசம் கழிச்சு வாங்க." அவ்வளவுதான்.

சட்டத்தின் 98ஆவது பிரிவைப் படித்துவிட்டு இதைப் பார்த்தால் இரண்டும் வேறு வேறு நாட்டில் நடப்பது போலத் தோன்றும். ஒருவரை வெளியே அனுப்பும்போதும், வேறு இடத்துக்கு மாற்றும்போதும், வேறு மருத்துவர் பொறுப்பேற்கும்போதும், இதுவரை பார்த்த மனநல மருத்துவர் நோயாளியோடும், நியமனப் பிரதிநிதியோடும், அவர் யாரோடு வசிக்கப் போகிறாரோ அந்த வீட்டாரோடும், இனிப் பார்க்கப்போகும் மருத்துவரோடும் கலந்து பேச வேண்டும். சிகிச்சை எப்படித் தொடரும் என்று ஒரு திட்டம் உருவாவதை உறுதிசெய்ய வேண்டும். இதில் கடைசியாகச் சொன்ன ஆள்தான் முக்கியம். சென்னையில் டிஸ்சார்ஜ் ஆகி விழுப்புரத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்துக்குப் போகிறவரை அங்கே பார்க்கப் போவது மாவட்ட மனநலத் திட்டத்தின் டாக்டர். அந்தத் திட்டம் தமிழ்நாட்டின் மாவட்டங்களில் இயங்குகிறது. தாலுகா ஆஸ்பத்திரிகளுக்கும் குறிப்பிட்ட நாட்களில் குழு வரும். இப்படி ஒருவர் உங்கள் ஊருக்கு வருகிறார், இன்ன மருந்தில் இருக்கிறார் என்று ஒரு போன் போனால் பாதி வேலை முடிந்தது. அந்தப் போன்தான் போவதில்லை. மருந்து அட்டவணையும் அடுத்து எங்கே போக வேண்டும் என்பதும் தமிழில் ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுத்தால்கூடப் போதும். இதற்குப் பெரிய பட்ஜெட் எதுவும் தேவையில்லை என்பதுதான் எரிச்சல்.

வீட்டார் தயங்காமல் கேட்க வேண்டியது இது. 25ஆவது பிரிவு தன் மருத்துவப் பதிவுகளைப் பார்க்கும் உரிமையைச் சிகிச்சை பெற்றவருக்கே தருகிறது. டிஸ்சார்ஜ் நாளில் நகல் வாங்குவது சுலபம். மூன்று வருஷம் கழித்து வேறு ஊர் டாக்டர் "முன்னாடி என்ன மருந்து குடுத்தாங்க?" என்று கேட்கும்போது, "வெள்ளைக் கலர்ல சின்னதா ஒண்ணு" என்று சொல்லும் நிலை வராது.

கூப்பிட்டுப் போக யாரும் வராதவர்கள்

சென்னையில் 1794இல் தொடங்கிய மனநோய் விடுதி 1871இல் கீழ்ப்பாக்கத்தில் இப்போது இருக்கும் இடத்துக்கு வந்தது. இன்று அது மனநல மருத்துவக் கல்விக்கும் இடமான அரசு மனநலக் காப்பகம். இப்போது சேர்பவர்களில் பெரும்பாலோர் சில வாரங்களில் வீடு திரும்பிவிடுகிறார்கள். ஆனால் அதே வளாகத்தில் பத்து, இருபது வருஷங்களாக இருப்பவர்களும் உண்டு. கீழ்ப்பாக்கத்தில் மட்டும் இப்படி என்று நினைக்க வேண்டாம். நாடு முழுக்க 43 அரசு மனநல மருத்துவமனைகளைப் பார்த்து 2019இல் வெளியான ஓர் ஆய்வு, அங்கே தங்கியிருப்பவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டோர் ஒரு வருஷத்தைத் தாண்டியவர்கள் என்று கண்டது.

இவர்களில் பலருக்கு நோய் எப்போதோ அடங்கிவிட்டது. சிலருக்கு முகவரி இல்லை. ரயிலேறி எங்கோ இறங்கி, போலீசாரால் கொண்டுவரப்பட்டவர்கள் அவர்கள். சமூகப் பணியாளர் உட்கார்ந்து துப்பறிவது போலக் கேட்பார்: ஊருக்குப் பக்கத்தில் என்ன ஆறு, சர்க்கரை ஆலை உண்டா, எந்த அம்மன் கோயில், பஸ் ஸ்டாண்டில் இறங்கி எந்தப் பக்கம் நடக்க வேண்டும். வட மாநிலத்துக்காரர் என்றால் முதலில் அந்த மொழி தெரிந்த ஆள் வேண்டும். பிறகு அந்தப் பகுதி போலீஸ் ஸ்டேஷனுக்கோ பஞ்சாயத்துக்கோ போன். சில நேரம் மறுமுனையில் அழுகை. சில நேரம் "அந்த நம்பரை இனி கூப்பிடாதீங்க."

முகவரி இருந்தும் போக முடியாதவர்கள் நிலை இன்னும் கடினம். அப்பா அம்மா போய்ச் சேர்ந்திருப்பார்கள். வீட்டை அண்ணன் தம்பிகள் பாகம் பிரித்திருப்பார்கள். ரேஷன் கார்டில் பெயர் எடுக்கப்பட்டிருக்கும். அண்ணன் மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கிற நேரத்தில் இப்படி ஒரு சித்தப்பா இருக்கிறார் என்பதே அந்த வீட்டுக்குப் புதுச் செய்தி. கீழ்ப்பாக்கம் என்ற பெயரைக் கேலியாகவே கேட்டு வளர்ந்த ஊரில், அங்கிருந்து ஒருவர் பெட்டியோடு வந்து இறங்குவதை அக்கம்பக்கம் எப்படிப் பார்க்கும் என்பது அவர்களுக்கும் தெரியும்.

சட்டத்தின் 19ஆவது பிரிவு இதற்கு நேரடியாகவே பதில் சொல்கிறது. குடும்பம் இல்லை, குடும்பம் ஏற்கவில்லை, வீடில்லை, வெளியே தகுந்த வசதி இல்லை என்ற காரணங்களுக்காக மட்டும் ஒருவரை மனநல நிறுவனத்தில் வைத்திருக்கக் கூடாது. அவருக்குக் குடும்ப வீட்டில் உரிமை இருந்தால் அதைப் பெறச் சட்ட உதவி தர வேண்டும். இடைநிலை இல்லங்களும் கூட்டு வீடுகளும் அரசு ஏற்படுத்த வேண்டும். குணமானவர்கள் ஆஸ்பத்திரிகளிலேயே கிடப்பது பற்றிய பொதுநல வழக்கில் 2017இல் உச்ச நீதிமன்றமும் மாநிலங்களைத் திட்டம் வகுக்கச் சொன்னது.

நடைமுறையில் எது வேலை செய்கிறது? சென்னையில் 1993இல் தெருவில் திரிந்த பெண்களுக்காகத் தொடங்கிய 'தி பேன்யன்' என்ற தொண்டு நிறுவனம் 2015இல் வேறொரு முறையை முயன்றது. நீண்ட காலம் நிறுவனங்களில் இருந்தவர்கள் நான்கைந்து பேராகச் சேர்ந்து, சாதாரணத் தெருவில் வாடகை வீட்டில் குடியிருப்பார்கள். உதவிக்கு ஒருவர் கூட இருப்பார். காய்கறி வாங்குவது, சமைப்பது, பக்கத்து வீட்டாரோடு சண்டை போடுவது எல்லாம் அவர்களே. கேரளம், மகாராஷ்டிரம் வரை இது போயிருக்கிறது. இருபது வருஷம் மணியடித்தால் சாப்பிட்டு, மணியடித்தால் தூங்கியவருக்கு இன்றைக்கு என்ன குழம்பு வைக்கலாம் என்று முடிவெடுப்பதே பயிற்சி. வார்டில் எவ்வளவு நல்ல தொழிற்பயிற்சி கொடுத்தாலும் இது வராது. இந்த முறையை இன்னும் பெரிதாக எடுத்துச் செய்ய அரசு ஏன் தயங்குகிறது என்பதுதான் எனக்குப் புரியாத கேள்வி.

முதல் மூன்று மாதம்

மனநல வார்டை விட்டு வெளியே வந்த முதல் மூன்று மாதங்கள்தான் மிக ஆபத்தான காலம். பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து 2017இல் வெளியான பகுப்பாய்வு, டிஸ்சார்ஜுக்குப் பிறகான தற்கொலை அபாயம் இந்தக் கட்டத்தில்தான் உச்சத்தில் இருக்கிறது என்று காட்டியது. வார்டில் இருந்த காவல் சட்டென்று போய்விடுகிறது. வெளியே வந்ததும் கடன்காரர், பாதியில் நின்ற படிப்பு, முகம் கொடுக்காத சொந்தம் எல்லாம் வைத்த இடத்தில் அப்படியே காத்திருக்கின்றன. தெளிவு வர வர, தான் நோயில் என்னவெல்லாம் செய்தோம் என்பதும் நினைவுக்கு வரும். அது பெரிய பாரம். இந்தக் காலத்தில் முதல் சந்திப்பை ஒரு மாதம் தள்ளிக் கொடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை. ஒரு வாரத்துக்குள் ஒரு போனாவது போக வேண்டும். இடைப்பட்ட நேரத்தில் பேச 14416 என்ற எண்ணில் அரசின் டெலி மானஸ் தொலைபேசிச் சேவை இருக்கிறது. இரவு பகல் எப்போதும் தமிழில் பேசலாம், வீட்டாரும் கூப்பிடலாம்.

வீட்டுச் சூழல் பற்றி ஒரு பழைய ஆய்வு. 1950களின் கடைசியில் லண்டனில் ஜார்ஜ் பிரவுன் என்ற சமூகவியலாளர், நீண்ட காலம் ஆஸ்பத்திரியில் இருந்து வெளியேறிய ஆண்களைப் பின்தொடர்ந்தார். பெற்றோரிடமோ மனைவியிடமோ திரும்பியவர்களைவிட, வாடகை அறைக்கோ உடன்பிறந்தாரிடமோ போனவர்கள் நன்றாக இருந்ததைக் கண்டார். நெருங்கிய உறவில் வரும் ஓயாத குறைகூறலும், மூச்சு முட்டும் அளவுக்கான கவனிப்பும் நோயைத் திரும்பக் கொண்டுவருகின்றன என்ற கருத்து அதிலிருந்துதான் வளர்ந்தது. பிறகு சண்டிகரில் செய்து பார்த்தபோது, லண்டனைவிடக் குறைவான குடும்பங்களில்தான் அப்படிப்பட்ட சூழல் இருந்தது. உடனே நம் குடும்ப அமைப்பே மருந்து என்று மார்தட்ட வேண்டாம். "மாத்திரை போட்டியா?" என்று ஒரு நாளைக்கு எட்டு முறை கேட்பதும், கொஞ்சம் சத்தமாகச் சிரித்தால் உடனே முகத்தை உற்றுப் பார்ப்பதும் நம் வீடுகளிலும் நடக்கிறது. கோபம் வந்தால்கூட அது நோயாகிவிடுகிறது என்று தேறி வந்தவர்கள் புலம்புவதைக் கேட்டால், அவர்கள் தனியாக இருக்க ஏன் ஆசைப்படுகிறார்கள் என்பது புரியும்.

மாத்திரையை நிறுத்துவது

வெளியே வந்தவர்கள் எல்லோர் மனதிலும் இருக்கும் கேள்வி இதுதான். டாக்டரிடம் மட்டும் கேட்க மாட்டார்கள். கேட்டால் திட்டு விழும் என்று பயம். அதனால் தாங்களாகவே நிறுத்திவிடுவார்கள், பெரும்பாலும் ஒரே நாளில்.

எண்கள் என்ன சொல்கின்றன? மனச்சிதைவு நோய் (ஸ்கிசோஃப்ரினியா) உள்ளவர்களிடம் நடந்த 65 சோதனைகளைத் தொகுத்து 2012இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஆய்வின்படி, ஏழு முதல் பன்னிரண்டு மாதங்களுக்குள் நோய் திரும்பியது மருந்தைத் தொடர்ந்தவர்களில் 27 சதவீதம் பேருக்கு, நிறுத்தியவர்களில் 64 சதவீதம் பேருக்கு. இங்கிலாந்தில் 253 பேரிடம் நடந்து 2023இல் வெளியான சோதனை, மருந்தை மருத்துவக் கண்காணிப்பில் மெல்ல மெல்லக் குறைத்தால் வாழ்க்கைத் தரம் கூடுமா என்று பார்த்தது. இரண்டு வருஷ முடிவில் அன்றாட வாழ்க்கையில் பெரிய முன்னேற்றம் தெரியவில்லை. ஆஸ்பத்திரியில் சேரும் அளவுக்கு நோய் திரும்பியது குறைத்தவர்களில் 25 சதவீதம், தொடர்ந்தவர்களில் 13. மனச்சோர்வுக்கான மருந்தில் நீண்ட நாள் இருந்து, இப்போது நன்றாக இருக்கிறோம் என்று சொன்ன 478 பேரிடம் நடந்த மற்றொரு இங்கிலாந்துச் சோதனையில் (2021), ஒரு வருஷத்துக்குள் நோய் திரும்பியது தொடர்ந்தவர்களில் 39 சதவீதம், நிறுத்தியவர்களில் 56.

இந்த எண்களை வைத்து "பார்த்தாயா, நிறுத்தவே கூடாது" என்று முடித்துவிடலாம். பல டாக்டர்கள் அப்படித்தான் சொல்கிறார்கள். மனச்சிதைவில் அந்த எச்சரிக்கைக்கு வலு இருக்கிறது என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதே எண்களை மறுபக்கமிருந்தும் படிக்க வேண்டும். மருந்தைத் தொடர்ந்தும் பலருக்கு நோய் திரும்புகிறது. மனச்சோர்வு மருந்தை நிறுத்தியவர்களில் 44 சதவீதம் பேர் அந்த வருஷத்தைத் தாண்டிவிட்டார்கள். எடை கூடுவது, சர்க்கரை, பகலெல்லாம் தூக்கம், தாம்பத்தியச் சிக்கல் என்று மருந்துக்கும் விலை இருக்கிறது, அதைச் சுமப்பவர் நோயாளிதான். ஆக, இது பேசி முடிவெடுக்க வேண்டிய விஷயம். பேச இடம் கொடுக்காத ஓ.பி.யில்தான் ஆட்கள் சொல்லாமல் நிறுத்துகிறார்கள்.

எப்படி நிறுத்துவது என்பதும் மருந்துக்கு மருந்து மாறும். இருமுனை நோய்க்குத் தரும் லித்தியத்தைச் சட்டென்று விட்டால் உன்மத்த நிலை (மேனியா) வேகமாகத் திரும்பும். பல மாதங்கள் சாப்பிட்ட தூக்க, பதற்ற மாத்திரைகளை ஒரே நாளில் நிறுத்தினால் வலிப்பே வரலாம். மனச்சோர்வு மருந்துகளை விடும்போது தலைசுற்றலும் உடம்பில் மின்சாரம் பாய்வது போன்ற உணர்வும் வந்து, நோய்தான் திரும்பிவிட்டது என்று ஆளையே பயமுறுத்தும். குறைப்பதென்றால் டாக்டரோடு சேர்ந்து, மாதக்கணக்கில், கொஞ்சம் கொஞ்சமாக. கல்யாணமோ வீடு மாறுவதோ பரீட்சையோ இருக்கிற மாதத்தில் வேண்டாம்.

இதற்கு நேர் எதிரான இன்னொரு கூட்டமும் உண்டு. ஆள் எப்போதோ போய்விட்டார், மாத்திரை மட்டும் வந்துகொண்டிருக்கிறது. மாவட்டத் தலைமை ஆஸ்பத்திரி ஓ.பி.யில் அரை மணி நேரம் நின்றால் பார்க்கலாம். "பையன் எங்கம்மா?" "வேலைக்குப் போயிருக்கான் சார், நல்லா இருக்கான்." டாக்டர் நோட்டை வாங்கி, போன மாதம் எழுதியதையே எழுதுகிறார். ஆளைப் பார்த்து எவ்வளவு நாளாயிற்று என்று புரட்டிப் பார்க்க அவருக்கும் நேரமில்லை. மாத்திரைகள் சில வீடுகளில் உள்ளே போகின்றன, சில வீடுகளில் சாமி படத்துக்குப் பின்னால் சேர்கின்றன. தேவைப்படாத அளவு குறைக்கப்படாமலே இருப்பதும், தேவையானது போய்ச் சேராமல் இருப்பதும் இப்படித்தான். அம்மாவைத் திருப்பி அனுப்பினால் அதுவும் நின்றுவிடும் என்பதால் டாக்டர்களும் கண்டுகொள்வதில்லை. சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் வீட்டுக்கே மாத்திரை கொண்டுபோகும் 'மக்களைத் தேடி மருத்துவம்' 2021இல் வந்தபோது, அதே ஆட்கள் இந்த வீடுகளுக்கும் ஒரு நடை போய் ஆளைப் பார்த்துவிட்டு வந்தால் என்ன என்று தோன்றியது. இன்னும் தோன்றுகிறது.

அரசு சிகிச்சையை விட்டுக் கோயிலுக்கும் தர்காவுக்கும் போகிறவர்கள் பற்றி நீட்டி எழுதலாம். தர்கா ஊரான ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6 அன்று ஒரு தனியார் விடுதியில் சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்கள் தீயில் கருகி, 28 பேர் இறந்த பிறகு அந்த விடுதிகள் மூடப்பட்டன. நம்பிக்கை மூடப்படவில்லை. பின்னாளில் தர்கா வளாகத்திலேயே அரசு மனநல டாக்டர் உட்கார்ந்து மருந்து கொடுக்க ஏற்பாடு செய்தது, திட்டிக்கொண்டிருப்பதைவிட எவ்வளவோ புத்திசாலித்தனம்.

வேலை, கல்யாணம், காகிதங்கள்

கொஞ்ச காலம் போகிறது, ஆள் தேறிவிட்டார். இப்போது பழைய ஆஸ்பத்திரிச் சீட்டு அவரை எதுவரை துரத்தலாம்? சட்டத்தின் 3ஆவது பிரிவில் அதிகம் பேசப்படாத இரண்டு வரிகள் இருக்கின்றன. முன்பு மனநல நிறுவனத்தில் சிகிச்சை பெற்றார் என்பதை மட்டும் வைத்து ஒருவருக்கு இப்போதோ இனியோ மனநோய் இருப்பதாக முடிவுகட்டக் கூடாது. மனநோய் இருக்கிறது என்பதாலேயே ஒருவர் சித்த சுவாதீனம் இல்லாதவர் ஆகிவிட மாட்டார். அதைத் தகுந்த நீதிமன்றம்தான் அறிவிக்க வேண்டும். பாகப்பிரிவினையில் "அவனுக்குத்தான் மூளை சரியில்லையே, கையெழுத்து எதற்கு" என்று சொல்லும் சித்தப்பாக்களுக்கு இந்த இரண்டாவது வரியை லேமினேட் செய்து கொடுக்கலாம்.

அரசு வேலையில் இருப்பவருக்குப் பணிக்காலத்தில் நோய் வந்து, அது இயலாமை என்ற அளவுக்குப் போனால், அதற்காக அவரை நீக்கவோ பதவி இறக்கவோ கூடாது என்று 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 20ஆவது பிரிவு சொல்கிறது. அந்தச் சட்டத்தின் 21 வகை இயலாமைகளில் மனநோயும் ஒன்று. மாற்றுத்திறனாளி அட்டை வாங்குவதா வேண்டாமா என்பதில் வீடுகளில் பெரிய குழப்பம் வரும். தன்னைக் கவனித்துக்கொள்வது, பழகுவது, பேசிப் புரிந்துகொள்வது, வேலை பார்ப்பது ஆகியவற்றில் எவ்வளவு சிரமம், எத்தனை வருஷ நோய் என்று மதிப்பிட்டு, 40 சதவீதம் வந்தால்தான் பெரும்பாலான சலுகைகள். அதாவது உதவி வேண்டுமென்றால் முடியாததைக் காட்ட வேண்டும், வேலை வேண்டுமென்றால் முடிந்ததைக் காட்ட வேண்டும். தேறி வருபவர் இந்த இரண்டு மேசைகளுக்கும் நடுவில் நிற்கிறார். என் கருத்து: உதவித்தொகை உண்மையிலேயே தேவைப்படும் வீடு கூச்சப்படாமல் வாங்கட்டும். அட்டை இருக்கிறது என்பதற்காக அதை எல்லோரிடமும் காட்டியாக வேண்டியதில்லை.

"பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம், கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும்" என்று நம் ஊரில் வேடிக்கையாகச் சொல்வார்கள். இரண்டாவது பாதியை நிஜமென்று நம்பி எத்தனையோ கல்யாணங்கள் நடந்திருக்கின்றன. மறைத்துச் செய்த கல்யாணத்தில் முதலில் நிற்பது மாத்திரை; மாமியார் வீட்டில் ஒளித்து வைத்துச் சாப்பிட முடியாது. இரண்டாவது மாதம் நோய் திரும்பும், மூன்றாவது மாதம் பெட்டியோடு பிறந்த வீடு. சென்னையில் 1984இல் டாக்டர் சாரதா மேனன் தொடங்கிய மனச்சிதைவு ஆய்வு அமைப்பான ஸ்கார்ஃப் நிறுவனம், மனச்சிதைவு காரணமாகக் கணவரால் கைவிடப்பட்ட பெண்களைப் பற்றி 2003இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. சட்டப்படி விவாகரத்தும் ஆகாமல், ஜீவனாம்சமும் கிடைக்காமல், வயதான பெற்றோரின் பொறுப்பில் வாழும் பெண்கள்தான் அதில் நிறைந்திருக்கிறார்கள். ஆண்களுக்கு இதே நோய் வந்தால் மனைவிகள் பெரும்பாலும் கூடவே இருந்து பார்த்துக்கொள்கிறார்கள் என்பதையும் சேர்த்து யோசிக்க வேண்டும். நோயின் பெயரை மட்டும் காட்டி விவாகரத்து வாங்க முடியாது, அது எந்த அளவில் இருக்கிறது என்பதை நிரூபிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1988லேயே சொல்லிவிட்டது. ஆனால் கோர்ட் வரைக்கும் போகும் பெண்கள் எத்தனை பேர்? நிச்சயத்துக்கு முன்னாலேயே சொல்லிவிடுவது கஷ்டம்தான், நாலு சம்பந்தம் தட்டிப்போகும். அப்படியும் சொல்லிவிட்டுச் செய்வதுதான் அவர் மாத்திரையை எல்லோர் முன்னாலும் சாப்பிட வழி.

மறுபடி வந்தால்?

நன்றாக இருக்கும்போதே செய்து வைக்க வேண்டிய வேலை ஒன்று உண்டு. நாளைக்கு முடிவெடுக்க முடியாத நிலை வந்தால் எனக்கு எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம், யார் என் சார்பில் பேச வேண்டும் என்று முன்கூட்டியே எழுதி வைக்கும் உரிமையை சட்டத்தின் 5ஆவது பிரிவு வயது வந்த எல்லோருக்கும் தருகிறது. நோய் வந்தவராக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. அவசரச் சிகிச்சைக்கு அது பொருந்தாது. மற்றபடி டாக்டர் அதை மதிக்க வேண்டும், உடன்பாடில்லை என்றால் மறுஆய்வு வாரியத்திடம் போக வேண்டும். தமிழ்நாட்டில் இதை எழுதி வைத்தவர்களைத் தேடிப் பிடிக்க வேண்டும், அவ்வளவு குறைவு.

அதில் முக்கியமான வரி நியமனப் பிரதிநிதி யார் என்பது. எதுவும் எழுதவில்லை என்றால் சொந்தக்காரர்தான். ஆனால் அண்ணனோடு பேச்சுவார்த்தை இல்லாதவர் நண்பரைப் போடலாம், பக்கத்து வீட்டு அக்காவைப் போடலாம், சம்மதித்தால் போதும். எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். கடைசி முறை உடம்பு சரியில்லாமல் போவதற்கு முன்பு வந்த அறிகுறிகளையும் அதே தாளில் எழுதிவிட்டால் நல்லது. தூக்கம் மூன்று மணி நேரமாகக் குறைந்தது, போனில் ராத்திரி முழுக்கப் பேசியது, சாப்பாட்டைச் சந்தேகப்பட்டது என்று குறிப்பாக. யார் அதை எடுத்துச் சொல்லலாம் என்பதையும் அவரே எழுதட்டும்; தம்பி சொன்னால் கேட்பேன், மாமா சொன்னால் கோபம்தான் வரும் என்று எழுதினாலும் சரி, அதுவும் டாக்டருக்குப் பயன்படும் தகவல்தான்.